ரோமானியச் சுடுமண் தலை வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலப் பட்டியல்களில் இந்த மாதிரி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: “ரோமானியச் சுடுமண் உருவத் தலை, ஆண், கி.பி. 1–2ஆம் நூற்றாண்டு. உயரம் 24 செ.மீ. மூக்கு நுனியில் சேதம், மற்றபடி நல்ல நிலை. ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1980கள்.” கூடவே முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம். இது நாங்கள் அமைத்துக்கொண்ட மாதிரி வரிதான். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் நிஜப் பட்டியல்களில் புழங்குவது. கீழே வரும் பதில்கள் இந்த வரியைச் சுற்றியே நகர்கின்றன.

இந்தத் தலைகளை எதற்காகச் செய்தார்கள்?

நிஜ ஆள் தலை அளவுள்ள தலைகளில் பெரும்பங்கு நேர்த்திக்கடன். நம்மூரில் உருவாரம் என்கிறோமே, அதே வகை. ரோம் நகரைச் சுற்றிய லாட்டியம், எட்ரூரியா, காம்பானியா பகுதிகளில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து 1ஆம் நூற்றாண்டு வரை, நோய் தீர வேண்டியவர்களும் தீர்ந்தவர்களும் கை, கால், கண், கருப்பை என்று சுடுமண்ணில் வாங்கிக் கோயிலில் வைத்தார்கள். தலையும் அந்த வரிசையில் ஒன்று. தலைவலிக்காகவும் இருக்கலாம், ஆள் முழுவதற்கும் பதிலாகவும் இருக்கலாம். பாதியாக நறுக்கியதுபோல் பக்கவாட்டு முகம் மட்டும் உள்ள அரைத்தலைகளும் கிடைக்கின்றன.

கோயிலில் இடம் நிரம்பியதும் பூசாரிகள் இவற்றைத் தூக்கி எறியவில்லை. கடவுளுக்குக் கொடுத்தது கடவுளுடையது என்பதால் கோயில் எல்லைக்குள்ளேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். அதனால்தான் ஒரே குழியில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. ரோமுக்குக் கிழக்கே போன்தே தி நோனாவில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட காணிக்கைப் பொருள்கள் எடுக்கப்பட்டன. வேயி, நேமி ஏரிக்கரை தியானா கோயில், கி.மு. 291இல் மருத்துவக் கடவுள் ஈஸ்குலாப்பியுஸ் குடியேறியதாகச் சொல்லப்படும் திபெர் ஆற்றுத் தீவு ஆகியவையும் பேர்பெற்ற இடங்கள்.

பத்து செ.மீ.க்கும் குறைவான சின்னத் தலைகளின் கதை வேறு. எகிப்து, ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) போன்ற இடங்களில் செய்த சிறு பொம்மைகளின் கழுத்து முறிந்து தலை மட்டும் மிஞ்சியவை அவை. கூரை ஓரத்து ஓட்டு முகப்பு, விளக்கின் கைப்பிடி அலங்காரம், டுனீசியாவில் நவிகியுஸ் பட்டறை செய்த தலை வடிவக் குடுவை ஆகியவற்றிலிருந்து பெயர்ந்ததும் “தலை” என்ற பெயரில் சந்தைக்கு வரும். எதிலிருந்து பிரிந்தது என்பதைக் கழுத்து முறிவு சொல்லிவிடும்: உள்ளே குழாய்போல் ஓட்டை தொடர்ந்தால் பொம்மை அல்லது குடுவை, பின்பக்கம் தட்டையாக ஓடு ஒட்டியிருந்த தடம் தெரிந்தால் கூரை முகப்பு.

அப்படியானால் “உருவத் தலை” என்று போடுவது சரியா?

“உருவத் தலை” என்றால் ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாயலில் செய்த தலை. அப்படிப் போடுவது பெரும்பாலும் மிகை. நேர்த்திக்கடன் தலைகள் அச்சில் வந்தவை. ஒரே முகம் இருபது பேருக்கு விற்றிருக்கும். இளைஞன், நடுவயதுக்காரன், முக்காடிட்ட பெண் என்று வகைதான் உண்டு, ஆள் இல்லை. ஒரு குறிப்பிட்ட மனிதரின் சாயல் என்று சொல்வதற்கு அச்சைத் தாண்டிய கைவேலை வேண்டும்: ஒரு புருவம் மட்டும் தூக்கியிருப்பது, கன்னத்தில் சமமில்லாத மடிப்பு, காதுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பது, ஈர மண்ணில் கருவியால் கீறிய நெற்றிச் சுருக்கம். குடியரசுக் காலத்தின் கடைசி நூற்றாண்டில் அப்படிப்பட்ட தலைகள் சில உண்மையிலேயே உள்ளன. அவற்றின் விலை தனி. “உருவ” என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விற்பவர் கூடுதல் தொகை கேட்கிறார். அதைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

தலையில் முக்காடு இருந்தால் பெண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரோமானிய வழக்கப்படி ஆண்களும் மேலாடையைத் தலைமேல் இழுத்துக்கொண்டுதான் பலி கொடுத்தார்கள்.

“கி.பி. 1–2ஆம் நூற்றாண்டு” என்ற தேதியை நம்பலாமா?

24 செ.மீ. உயரத் தலைக்கு அந்தத் தேதி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெரிய சுடுமண் தலைகளின் காலம் பெரும்பாலும் கி.மு. வடக்கு இத்தாலியின் லூனா சுரங்கங்களிலிருந்து (இன்றைய கராரா) வெள்ளைப் பளிங்கு தாராளமாக வரத் தொடங்கியதும் அந்த அளவு முகங்கள் பளிங்குக்கு மாறிவிட்டன. பேரரசுக் காலத்திலும் பெரிய சுடுமண் சிலைகள் உண்டு, பொம்பேயில் கிடைத்திருக்கின்றன, ஆனால் விதிவிலக்குகள். “பேரரசுக் காலம்” என்றால் விலை ஏறும் என்பதற்காகவே கி.மு. 3ஆம் நூற்றாண்டுத் தலையை நானூறு ஆண்டு இளையதாக்கும் பழக்கம் உண்டு.

சின்னத் தலைகளுக்கு முடி அலங்காரம் நல்ல துப்பு. நெற்றிக்கு மேல் ஒரு முடிச்சுபோல் உருட்டிய முடி, பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா, சகோதரி ஒக்டாவியா காலம், அதாவது கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதி. நெற்றிக்கு மேல் கோபுரம்போல் அடுக்கிய சுருள்கள் ஃபிளேவியப் பேரரசர் காலம், கி.பி. 69–96. கன்னத்தை மறைத்து அலையலையாகத் தலைக்கவசம்போல் இறங்கும் முடி 193இல் அரியணை ஏறிய செப்டிமியுஸ் செவெருஸின் மனைவி யூலியா தொம்னாவின் பாணி. ஆண்களில், நன்கு வளர்த்த தாடி ஹேட்ரியன் (117–138) வைத்த பிறகுதான் நாகரிகமாகப் பரவியது. ஒன்றை மறக்க வேண்டாம்: முடி அலங்காரம் ஆரம்பத் தேதியை மட்டுமே தரும். தலைநகரில் மறைந்த பாணியை மாகாணத்துப் பொம்மைக்காரர் பழைய அச்சை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு தலைமுறை ஓட்டியிருப்பார்.

எந்த ஊர் மண் என்று கண்ணால் சொல்ல முடியுமா?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் ஓரளவு முடியும். புதிதாகத் தெறித்த ஓரத்தைப் பாருங்கள். ரோமைச் சுற்றி எரிமலை மண்; கறுத்துப் பளபளக்கும் அவுகைட் துகள்கள் தெரியும். நைல் வண்டல் செம்பழுப்பு, மைக்கா மினுமினுக்கும், கலந்த வைக்கோல் எரிந்துபோன நீள ஓட்டைகள் இருக்கும். ஸ்மிர்னா மண் மிக நயமானது, ஆரஞ்சுப் பழுப்பு, பொன் மைக்கா. சில துண்டுகளில் பொன் முலாம்கூட மிச்சமிருக்கும். “ரோமில் கிடைத்தது” என்ற தலையில் வைக்கோல் ஓட்டை தெரிந்தால் காகிதத்தை மறுபடி வாசியுங்கள்.

எப்படிச் செய்தார்கள்? அதைத் தெரிந்து என்ன பயன்?

போலியைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு மூலத்தலை. அதன் முன்பாதியில் மண்ணை அப்பி எடுத்துச் சுட்டால் அச்சு. அச்சுக்குள் ஒன்று, ஒன்றரை செ.மீ. கனத்துக்கு ஈர மண்ணை விரலால் அழுத்திப் பரப்புவார்கள். மண் சற்றே இறுகிச் சுருங்கியதும் அச்சிலிருந்து தானாகப் பிரியும். பின்தலைக்கு இன்னொரு அச்சு, அல்லது கையால் வளைத்த வெறும் மண் தகடு. இரண்டையும் காதுக்குப் பின்னால் சேர்த்து, குழைத்த மண் தடவி, வெளிப்பக்கத் தையலை மழித்துவிடுவார்கள். அதன்பின்தான் முடி, இமை, உதட்டோரம் எல்லாம் கருவியால் திருத்துவது. பின்தலையில் நீராவி போக ஓர் ஓட்டை. கழுத்தடி திறந்தே இருக்கும். சூளைக்குப் போகுமுன் வெண்மண் பூச்சு, சுட்ட பிறகு வண்ணம்.

இப்போது தலையைக் கவிழ்த்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்துக்கும் மூக்குக்கும் உள்பக்கத்தில் விரல் பதிந்த குழிகள் வரிசையாக இருக்க வேண்டும். மூக்குக் குழிக்குள் கட்டைவிரலால் திணித்த மண் கட்டி தெரியும். காதுக்குப் பின்னால் உள்ளே குழைமண் பிதுங்கிய தையல் மேலிருந்து கீழாக ஓடும், அதை யாரும் மழித்திருக்க மாட்டார்கள். பார்க்க யாரும் வரப்போவதில்லையே! உட்சுவர் ஒரே சீரான கனத்தில், வழுவழுப்பாக, நீர்க்குமிழிக் குழிகளுடன் இருந்தால் அது குழம்பு மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்த்தது. ரோமானியர் அப்படிச் செய்யவில்லை. நிஜ ஆள் தலை அளவுள்ள அசல் தலை மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். அதைவிட மிகக் கனமாக இருந்தால் உள்ளே பிளாஸ்டர் நிரப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பழைய பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம்.

அளவும் பேசும். மண் காய்ந்து சுடும்போது பத்து சதவீதம் வரை சுருங்கும். அசல் தலையிலிருந்து அச்செடுத்துச் செய்த நகல், அசலைவிட அந்த அளவு சிறிதாக வரும், கோடுகளும் மழுங்கும். அருங்காட்சியகத்தில் இதே அச்சு முகம் இருந்தால், கண்ணின் உள்முனைகளுக்கு இடையிலான தூரம், மூக்கடியிலிருந்து தாடை வரை உள்ள தூரம் இரண்டையும் ஒப்பிடுங்கள். பழங்காலப் பட்டறைகளும் நகலிலிருந்து நகல் எடுத்ததுண்டு என்பதால் சிறுத்திருப்பது மட்டும் போலிக்குச் சான்றாகாது. ஆனால் சிறுத்து, மழுங்கி, கருவித் திருத்தமும் இல்லை என்றால் விலகிவிடுங்கள்.

விற்பவரிடம் என்னென்ன படங்கள் கேட்க வேண்டும்?

முகப் படத்தைக் கேட்க வேண்டியதில்லை, அதை அவரே அனுப்பிவிடுவார். கேட்க வேண்டியவை: பின்தலை, இரு காதுகளின் பின்பக்கம், கழுத்தடியிலிருந்து உட்புறம், முறிவு ஓரங்கள் ஒவ்வொன்றும் அளவுகோலுடன், புற ஊதா விளக்கில் இரு பக்கமும். எடையையும் கேளுங்கள். உட்புறப் படம் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

புற ஊதா வெளிச்சத்தில் பசையும் புதுப்பூச்சும் மண்ணிலிருந்து வேறுபட்டு நீலவெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். முறிவைச் சுற்றி மெல்லிய கோடாகத் தெரிந்தால் சாதாரண ஒட்டுவேலை. கன்னம் முழுக்கப் படலமாகத் தெரிந்தால் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போலிகள் எப்படிப்பட்டவை?

மூன்று வகை. முழுக்கப் புதிது, அசல் துண்டுகளைச் சேர்த்து இல்லாத ஒரு தலையை உண்டாக்கியது, பழைய செங்கல்லைச் செதுக்கியது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஆபத்து, ஏனென்றால் ஆய்வகச் சோதனையில் மண் பழையது என்றே வரும்.

முதல் வகையில் உலகப் புகழ் பெற்றவை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1915க்கும் 1921க்கும் இடையே வாங்கிய மூன்று “எட்ரூஸ்கன்” (பண்டை எட்ரூரியா மக்களுடையவை எனப்பட்ட) சுடுமண் சிற்பங்கள்: இரண்டு போர்வீரர்கள், ஒரு ராட்சதத் தலை. பல ஆண்டுகள் மக்கள் வியந்து பார்த்தார்கள். கறுப்புப் பூச்சைச் சோதித்தபோது மாங்கனீஸ் வந்தது. பழங்காலத்தவர் அந்தக் கறுப்பை மாங்கனீஸால் அல்ல, இரும்புள்ள மண்ணைச் சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டுப் பெற்றார்கள். 1961 ஜனவரியில் அல்ஃப்ரெடோ ஃபியோரவந்தி என்பவர் ரோமில், ரிக்கார்டி குடும்பத்தாருடன் சேர்ந்து செய்தது தான்தான் என்று கையெழுத்திட்டார். ஒரு வீரனின் கையில் இல்லாத கட்டைவிரலை அவ்வளவு காலமும் அவரே வைத்திருந்தார். கொண்டுவந்து பொருத்தியதும் பொருந்திவிட்டது. அத்தனை பெரிய உருவத்துக்குச் சூளை இல்லாததால், சுடுவதற்கு முன்பே துண்டுகளாக உடைத்துத் தனித்தனியாகச் சுட்டிருந்தார்கள். இன்றைக்கும் பயன்படும் பாடம் இது: சுட்ட மண் உடைந்தால் ஓரம் கூர்மையாக, துகள்களை வெட்டிக்கொண்டு போகும். பச்சை மண்ணில் உடைத்தால் ஓரம் மசிந்திருக்கும், துகள்கள் ஓரத்தைவிட்டு நீட்டிக்கொண்டு நிற்கும்.

மண்படிவமும் வேர்த்தடமும் முறிவு ஓரத்துக்குள்ளும் தொடர்கிறதா என்று பாருங்கள். முகத்தில் மட்டும் அழகாகப் படிந்து முறிவில் இல்லாவிட்டால், அசிட்டோன் தொட்ட பஞ்சால் மறைவான ஓரிடத்தில் துடைக்கச் சொல்லுங்கள். சுண்ணப்படிவம் அசையாது, பசையில் குழைத்து அப்பிய மண் இளகி வரும்.

ஒளிர்வுச் சோதனை செய்தால் போதாதா?

தெர்மோலூமினசன்ஸ் எனப்படும் வெப்ப ஒளிர்வுச் சோதனை நல்ல கருவி, ஆனால் பலர் நினைப்பதுபோல் இறுதித் தீர்ப்பு அல்ல. மண்ணிலுள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சை ஆண்டுக்கணக்கில் சேமிக்கும். சூளையில் சுடும்போது அந்தச் சேமிப்பு பூஜ்யமாகும். மறுபடி சூடாக்கினால் சேர்ந்தது ஒளியாக வெளிப்படும். அதை அளந்து கடைசியாகச் சுட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடுகிறார்கள்.

சிவப்பு வெளிச்சத்தில், மூன்று நான்கு மில்லிமீட்டர் துளையில், ஏறக்குறைய 100 மில்லிகிராம் தூள் எடுப்பார்கள். விற்பனைக்கான சோதனையில் பிழை இருபது சதவீதத்துக்கு மேலும் போகும். 1,900 ஆண்டு என்று வந்தால் 1,500க்கும் 2,300க்கும் இடையே எங்கோ என்று பொருள். பழையதா, நேற்றையதா என்பதைப் பிரிக்க இது தாராளம்; கி.மு.வா கி.பி.யா என்பதைப் பிரிக்காது.

கோட்டைவிடும் இடங்கள் இவை. ஒரே இடத்தில் மட்டும் தூள் எடுப்பது: அசல் கழுத்தில் புது முகம் ஒட்டியிருந்தால் கழுத்தைச் சோதித்துப் “பழையது” என்பார்கள். குறைந்தது முகம் ஒன்று, பின்தலை அல்லது கழுத்து ஒன்று என இரண்டு வேண்டும். அடுத்து, தீவிபத்தில் 400–500 டிகிரிக்கு மேல் சூடான அசல் தலை புதிதாகத் தெரியும். மூன்றாவது, செயற்கைக் கதிர்வீச்சு வயதைக் கூட்டும். சிடி ஸ்கேன் எடுக்க வேண்டுமானால் அதற்கு முன்பே தூள் எடுத்துவிடுங்கள். கடைசியாக, அறிக்கையில் உள்ள படமும் துளை இடக் குறிப்பும் உங்கள் முன்னால் இருக்கும் தலையுடன் ஒத்துப்போகிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு தலையின் அறிக்கை இன்னொன்றுக்குத் துணை போவது புதிதல்ல.

வண்ணம் மிஞ்சியிருந்தால்?

அதிர்ஷ்டம், துடைக்காதீர்கள். ‘எகிப்திய நீலம்’ என்ற பழைய நிறமி சிவப்பு ஒளி பட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி கழற்றிய கேமராவில் ஒரு கடுகளவு மிச்சம்கூட வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மஞ்சிட்டி வேர் இளஞ்சிவப்பு புற ஊதாவில் ஆரஞ்சாக மின்னும். மாறாக, வெள்ளைப் பூச்சில் டைட்டானிய வெள்ளை நிறமி வந்தால் அது 1920களுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் தொடாமலே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

“ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1980கள்” போதுமான வரலாறா?

இல்லை. அது வரலாறே இல்லை. பெயர், ஊர், ஆண்டு, காகிதம் எதுவும் இல்லாத ஒரு சொற்றொடர். 

இத்தாலியில் 1909ஆம் ஆண்டின் 364ஆம் எண் சட்டத்திலிருந்து நிலத்தடித் தொல்பொருள் அரசுடைமை. 1939, 2004 சட்டங்கள் அதை உறுதிப்படுத்தின. துருக்கியில் 1906 உஸ்மானியச் சட்டத்திலிருந்தே அப்படி. எகிப்தில் உரிமம் பெற்ற கடைகள் சட்டப்படி விற்ற காலம் ஒன்று இருந்தது. 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் அதை முடித்தது. ஆகவே கேள்வி “யாரிடம் இருந்தது” என்பதல்ல, “எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டில், எந்த அனுமதியுடன் வெளியேறியது” என்பது. அருங்காட்சியகங்கள் கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையைக் கோடாக வைத்துக்கொள்கின்றன. அதற்கு முன்பே பிறந்த நாட்டைவிட்டு வெளியேறியதற்குத் தேதியிட்ட சான்று வேண்டும்: ஏலப் பட்டியல் பக்கம், கடைப் பில், காப்பீட்டுப் பட்டியல், கப்பல் ரசீது, பின்னால் ஒட்டிய பழைய எண் சீட்டு, பழைய புகைப்படம். 19ஆம் நூற்றாண்டில் முறைப்படி வெளியேறிய தலைகள் நிறையவே உண்டு. நேமியில் 1885இல் தோண்டியவை இன்றும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ளன.

சான்றில்லாத நல்ல தலையின் கதை எப்படி முடியும் என்பதற்கு, கிரேக்கப் பாதாளக் கடவுள் ஹேடிஸின் தலையைப் பாருங்கள். கிரேக்கச் சிசிலியைச் சேர்ந்த, தாடி நீலமாகப் பூசிய சுடுமண் தலை. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 1985இல் சுமார் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிற்பாடு சிசிலியின் மொர்கன்தினா அகழ்விடத்துத் துண்டுகளில் நீலம் ஒட்டிய தாடிச் சுருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவை அந்தத் தாடியின் சுருள்களே. 2013இல் திருப்பித் தருவதாக அறிவிப்பு, 2016இல் தலை சிசிலி போய்ச் சேர்ந்து அய்தோனே ஊர் அருங்காட்சியகத்தில் அமர்ந்தது. குழியிலிருந்து தலையைத் தூக்கியவர்கள் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருட்டுப் பட்டியலில் தேடிப் பார்த்த சான்றிதழ் இருக்கிறதே?

அது வீட்டிலோ அருங்காட்சியகத்திலோ திருடு போனதைப் பிடிக்கும். இரவில் தோண்டி எடுத்த தலையை யாரும் பறிகொடுத்ததாகப் புகார் தந்திருக்க முடியாது, பட்டியலில் இருக்காது. 1995இல் ஜெனீவா சுங்கக் கிடங்கில் வியாபாரி ஜியாகோமோ மெடிச்சியின் அறைகளைச் சோதித்தபோது, மண் அப்பிய பொருள்களின் போலராய்டு படங்கள் ஆயிரக்கணக்கில் சிக்கின. அந்தவகை உடனடிப் படக் கேமரா 1972இல்தான் விற்பனைக்கு வந்தது என்பதால், படத்தில் மண்ணோடு இருப்பது 1970க்கு முந்தைய சேகரிப்பு என்று சொல்லவே முடியவில்லை. இப்படிக் கைப்பற்றிய படங்களோடு ஏலப் பட்டியல்களை ஒப்பிடும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் இன்டர்போலின் ‘ஐடி-ஆர்ட்’ செயலி, இத்தாலியக் கராபினியேரி கலைப்பொருள் காவல்பிரிவின் தரவுத்தளம் இரண்டிலும் தேடுங்கள், இலவசம். தேடிய திரையைப் படமெடுத்துத் தேதியுடன் சேமியுங்கள்.

எல்லையைத் தாண்டும்போது என்ன வேண்டும்?

இத்தாலியிலிருந்து வெளியேற அந்நாட்டு ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அமெரிக்காவுக்குள் இத்தாலியத் தொல்பொருள் வர 2001 ஜனவரி உடன்பாட்டிலிருந்து கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019/880 விதிமுறையின்படி, வெளிநாட்டில் கிடைத்த 250 ஆண்டுக்கு மேற்பட்ட அகழ்பொருளுக்கு 2025 ஜூன் 28 முதல் இறக்குமதி உரிமம் கட்டாயம். மதிப்பு எவ்வளவு குறைவானாலும் விலக்கில்லை. எகிப்து, துருக்கித் தலைகள் இதில் சிக்கும். பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறைகேடாகத் தோண்டியது என்று தெரிந்தே வாங்கி விற்பது குற்றம்.

இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவருவதைவிடத் திரும்ப வெளியே அனுப்புவதுதான் தலைவலி. 1972 தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தொல்பொருள் என்கிறது. இந்தியாவில் செய்தது என்று மட்டும் வரையறுக்கவில்லை. தனியார் தொல்பொருளை ஏற்றுமதி செய்ய முடியாது. பதிவு செய்ய வேண்டிய வகைகளில் சுடுமண் சிற்பமும் அடக்கம். வெளிநாட்டில் மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் இங்கே கொண்டுவருவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். வந்தால் சுங்க ரசீதை உயிர்போல் காப்பாற்றுங்கள்: பொருள் எப்போது, எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சான்று.

“அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானியத் தலை” என்று ஒருவர் காட்டுகிறார்...

வாங்காதீர்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியதில் இத்தாலியச் சிவப்புக் கலத்துண்டுகளும் மதுச்சாடித் துண்டுகளும் வந்தது உண்மை. அந்தப் பெயரைச் சொல்லி எதையும் விற்கலாம் என்பதும் அதனால்தான். கதை உண்மையானால் அது சட்டவிரோதத் தோண்டல்; 1878 புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பொய்யானால் பொம்மை.

விலை எதைப் பொறுத்தது?

வரிசை இதுதான்: முதலில் காகிதம், பிறகு ஆள்சாயல், பிறகு நிலை, கடைசியில் அளவு. சின்ன எகிப்தியத் தலைகள் சில நூறு டாலருக்கும் கிடைக்கும்; நிஜ ஆள் தலை அளவுள்ள நேர்த்திக்கடன் தலைகள் சில ஆயிரத்தில் தொடங்கும். ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், வரி, சரக்கு, காப்பீடு எல்லாம் சேரும். அத்தனையையும் கூட்டிப் பார்த்த பிறகே கையைத் தூக்குங்கள்.

வீட்டுக்கு வந்த தலையை எப்படி வைத்திருப்பது?

மூக்கையோ கழுத்தையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை பின்தலையில். கையுறை வேண்டாம், வழுக்கும். சுத்தமான உலர்ந்த கை போதும்.

பெரிய எதிரி உப்பு. நிலத்தடியில் மண் உறிஞ்சிய உப்பு, காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கரைந்து கரைந்து மேற்பரப்பில் படிகமாகும். முதலில் வெள்ளைப் பொடி, பிறகு பூச்சு உரிதல், பிறகு முகமே செதில்செதிலாக உதிர்தல். கடற்கரை ஊர்களில் இது விரைவு. ஈரப்பதம் 40க்கும் 55க்கும் இடையே அசையாமல் இருந்தால் உப்பும் அசையாது. மூடிய கண்ணாடிப் பெட்டியும், பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லும், ஒரு சின்ன ஈரமானியும் போதும். ஓக் மரப் பெட்டி கூடாது, அதன் புளிப்பு ஆவி சுண்ணம் கலந்த மண்ணோடு வினைபுரிந்து புது உப்பை உண்டாக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் தண்ணீரில் ஊறவைக்கத் தோன்றும், வேண்டாம். வண்ணம் கழன்றுவிடும், வேகாத மண் குழையும். பதனர் (பழம்பொருளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவர்) ஒருவர் முதலில் மண்ணின் உறுதியைச் சோதித்து, அயனி நீக்கிய நீரை மாற்றி மாற்றி, அதன் மின்கடத்துத்திறனை அளந்து உப்பு இறங்குவதைக் கணக்கிட்டுச் செய்வார்.

தூசுக்கு மென்மையான தூரிகை மட்டும். வினிகர், எலுமிச்சை, அமிலம் எதுவும் படிவத்தோடு மண்ணிலுள்ள சுண்ணத்தையும் தின்றுவிடும்.

உடைந்த மூக்கை ஒட்டவைக்கலாமா?

துண்டு கையில் இருந்தால் பதனர் பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்து ஒட்டுவார். அசிட்டோன் தொட்டால் மறுபடி பிரியும், அதுதான் அதன் சிறப்பு. கடையில் வாங்கும் உடனடிப் பசையோ எபாக்ஸியோ மண்ணைவிட வலுவானவை. அடுத்த முறை விழுந்தால் ஒட்டு உடையாது, பக்கத்து மண் உடையும். துண்டு இல்லையென்றால் மூக்கில்லாமலே விடுங்கள். புது மூக்கு வைத்த தலையை அடுத்து வாங்குபவர் முதலில் சந்தேகிப்பது அந்த மூக்கைத்தான்.

தாத்தா காலத்துத் தலை ஒன்று வீட்டில் இருக்கிறது, காகிதமே இல்லை. என்ன செய்வது?

காகிதம் இல்லை என்று முடிவு கட்டுமுன் தேடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தவரானால் அவருடைய கடவுச்சீட்டு முத்திரைகள், கடிதங்கள், பழைய ஆல்பங்களில் பின்னணியில் அலமாரி தெரியும் படங்கள், காப்பீட்டுத் தாள்கள். 1965ஆம் ஆண்டுக் கல்யாணப் படத்தின் ஓரத்தில் தலை தெரிந்தால் அது பத்துச் சான்றிதழுக்குச் சமம். மூத்தவர்கள் நினைவில் இருப்பதைத் தேதியிட்டு எழுதி வாங்கி, நோட்டரி கையெழுத்தும் பெறுங்கள். ஆறு பக்கமும் உட்புறமும் அளவுகோலுடன் படமெடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை உரித்துவிடாதீர்கள், அழுக்காக இருந்தாலும் சரி. இவ்வளவும் சேர்ந்த பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் கொண்டுபோங்கள். விற்பதைப் பற்றி அதன்பின் பேசிக்கொள்ளலாம்.